நாளுக்கு ஒரு மணி பத்து நிமிடம்

"மிஷின் கெட்டுப்போச்சும்மா" என்றார் அமிர்தலிங்க அடிகள்.

எதிரே இருந்த ரஹிமா பேனாவை மூடி வைத்தாள். ஈரோட்டில் காதைப் பரிசோதித்து, காதுக் கருவி பொருத்திக் கொடுப்பவள். அவளுக்கு முப்பத்து நாலு வயது. அடிகளுக்கு எழுபத்தொன்று.

"என்னாச்சுங்கய்யா?"

அடிகள் திகைத்தார். நாற்பது வருஷமாக எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தப் பெண் ஐயா என்கிறாள். இதில் ஏதாவது உட்பொருள் இருக்குமோ?

ஒன்றும் இல்லை. பால்காரரையும் அவள் ஐயா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அடிகளுக்கு எதைக் கண்டாலும் உட்பொருள் தேடுகிற பழக்கம்.

"நேத்து சாயங்காலம் என் சீடன் ஒரு விஷயம் சொன்னான். கால் மணி நேரம் நின்னு சொன்னான். ஒரு வார்த்தை கேக்கலை."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"தலையாட்டினேன்."

"என்ன சொன்னாருன்னு தெரியாமயேங்களா?"

"தெரிஞ்சிருந்தா நான் எதுக்கும்மா இங்க வர்றேன்?"

விஷயம் இதுதான். பவானி ஆற்றங்கரையில் அடிகளுக்குச் சின்னதாக ஒரு மடம். அதில் குழந்தைவேலு என்று ஒரு சீடர். ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷமாகச் சாமிக்குச் சோறாக்கி, ஜீப் ஓட்டி, காலைப் பிரசங்கத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிற மனிதர்.

அவருடைய டிரங்குப் பெட்டி மேல் நேற்று ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. தாராபுரத்துக்கு. திங்கட்கிழமைக்கு. போவதற்கு மட்டும்.

அடிகள் கூப்பிட்டு, "ஏன்?" என்று கேட்டார்.

குழந்தைவேலு சொன்னார். அடிகள் தலையாட்டினார். குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். அடிகள் மேலும் ஆட்டினார். கடைசியில் குழந்தைவேலு காலில் விழுந்து எழுந்து, பெட்டியைப் பூட்டப் போய்விட்டார்.

எதற்கோ சம்மதம் கொடுத்தாகிவிட்டது. எதற்கு என்று தெரியவில்லை. வேலு இல்லாவிட்டால் மடத்தில் அடுப்புகூட எரியாது.

"மறுபடி ஒருக்கா கேட்டிருக்கலாமுங்களே?" என்றாள் ரஹிமா.

"சாமி தலையாட்டிட்டா மடத்துல அதுக்கு மேல பேச்சு கிடையாதும்மா."

"அவரு இப்ப எங்கீங்க?"

"வெளியிலதான் உக்காந்திருக்கான். அவன்தானே ஜீப் ஓட்டிட்டு வந்தான்."

ரஹிமா கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு எழுந்து, "வாங்க, மொதல்ல காதைப் பார்த்துருவோம்" என்றாள்.

அடிகளின் தலையாட்டலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தினமும் சாயங்காலம் மடத்தில் கூட்டம் கூடும். ஊர் ஊராக வந்து குறை சொல்வார்கள். அடிகள் அதிகம் பேசமாட்டார். ஒருமுறை சத்தியமங்கலத்துப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே எதையோ கேட்டாள். அடிகள் வேப்ப மரத்தைக் காட்டினார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். மூன்று மாதம் கழித்துப் பழத்தட்டோடு வந்து, சாமி சொன்னபடியே நடந்துவிட்டது என்றாள்.

அவள் கேட்டது என்னவென்று அடிகளுக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொரு தடவை, கிணற்றுக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி வந்தார்கள். இளையவன் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று யாரிடம் கேட்பது? அடிகள் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

கூட்டம் பெருகியது. பெருகாமல் என்ன செய்யும்?

பரிசோதனை அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை. ரஹிமா அவருடைய கருவி இரண்டையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். முகத்துக்கு நேரே குனிந்து, "சத்தம் கேட்டா இதை அமுக்குங்கய்யா" என்று உரக்கச் சொன்னாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அடிகள் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். உற்சாகமாக இன்னும் நாலு தடவை அமுக்கினார்.

ரஹிமா கதவைத் திறந்துகொண்டு வந்து ஹெட்போனைத் தூக்கி, காதருகே உரக்கச் சொன்னாள்.

"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."

அடிகளுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சும்மா."

"கேக்கலைன்னா சும்மா இருங்க. அதுல தப்பொண்ணும் இல்லீங்க."

கேட்கவில்லை என்றால் சும்மா இருக்கலாம் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. இது ஆழமான வாக்கா, இல்லை வெறும் பரிசோதனை விதியா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது முறை பொறுமையாக உட்கார்ந்தார். ஒரு சத்தம் கேட்டது. அமுக்கினார். பிறகு ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் விரல் அசைந்துகொண்டே இருக்கிறது. ஏதோ அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். இவருக்கு வந்து சேரவில்லை. கட்டைவிரல் பொத்தான் மேல் துடித்தது. அமுக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. இத்தனை நிசப்தம் தனக்குள் இருக்கிறது என்றும் அவர் நினைக்கவில்லை. பாவம், பயந்துபோனார்.

முடிந்ததும் ரஹிமா அவருடைய கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். திரையில் ஏதேதோ கோடுகள் வந்தன. அவள் வாசித்தாள். வாசித்துவிட்டு எழுந்துபோய், அறைக் கதவைச் சாத்தினாள்.

அடிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்துகிறாள்! வெளிவாசலை அடைத்தால்தான் உள்வாசல் திறக்கும் என்கிறாளா? அல்லது உனக்கு இனி வழியே இல்லை என்கிறாளா?

அவள் திரும்பி வந்து கருவிகளை அவர் காதில் மாட்டினாள்.

"கதவைச் சாத்தினியே, அது எதுக்கும்மா?"

"ஏசி வெளிய போகுதுங்க."

அடிகள் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார்.

"மிஷின் நல்லா இருக்குதுங்கய்யா. ஒரு பழுதும் இல்லை."

"வேற இடத்துல வாங்கினதாச்சே. உனக்குச் சரியாத் தெரியுமா?"

"எங்க வாங்கினாலும் கம்ப்யூட்டர்ல மாட்டினா படிச்சிருமுங்க. ஒரு நாளைக்கு எத்தனை நேரம் போடுறீங்க?"

"நாள் பூரா."

ரஹிமா திரையை அவர் பக்கம் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"ஒரு மணி பத்து நிமிஷமுங்க. நாலு வருஷத்துச் சராசரி."

"அது யார் சொன்னது?"

"மிஷின்தானுங்க. காதுல இருக்கிற நேரத்தை அதுவே குறிச்சு வச்சுக்கும்."

"அதான் மொதல்லயே சொன்னேனே, மிஷின் கெட்டுப்போச்சுன்னு!"

ரஹிமா மறுத்துப் பேசவில்லை. விரலையும் எடுக்கவில்லை.



"அந்த ஒரு மணி பத்து நிமிஷம் எந்த நேரமுங்கய்யா?"

அடிகள் யோசித்தார். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு விளக்கேற்றுவார். பித்தளைச் செப்பைத் திறந்து கருவியை எடுத்து மாட்டுவார். ஆறு மணிக்குப் பிரசங்கம். ஏழுக்கு முன்னால் முடிந்துவிடும். கருவி திரும்பவும் செப்புக்குள்.

"காலைப் பிரசங்கம்" என்றார். "மைக் சரியா இருக்கான்னு தெரியணுமில்லையா."

"அப்போ யாருங்க பேசுவாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"நான்தான்."

"சாயங்காலம் சனங்க வருவாங்களே?"

"சந்தை இரைச்சலா இருக்கும்மா. தலை வலிக்கும். மாட்டுறதில்லை."

"நேத்து அவரு பேசும்போது?"

அடிகள் தன் கைகளைப் பார்த்தார்.

"செப்புல இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. வழியில் வரும்போதும், இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதும், கருவி கெட்டுவிட்டது என்று மனசாரத்தான் நம்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் வரவில்லை. இப்போது எது நிஜம், எது தான் நம்பியது என்று எல்லாம் குழம்பிக் கூழாகக் கிடந்தது.

"நாலு வருஷம், மிஷின் வித்த ஜெயசீலன்தான் இதைப் பார்த்துக்கிட்டார்" என்றார் மெதுவாக. "மடத்துக்கே வந்துருவார். ஆடி மாசம் கடையை மூடிட்டு மகன்கிட்ட பெங்களூர் போயிட்டார். அவரும் இப்படித்தான் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து மாட்டுவார். இந்த நேரக் குறிப்பை அவர் பார்த்திருக்க மாட்டாரா?"

"பார்த்திருப்பாருங்க."

"அப்போ ஏன் ஒரு நாளும் சொல்லலை?"

"அவரு உங்க கால்ல விழுவாருங்களா?"

"வரும்போதெல்லாம் விழுவார்."

ரஹிமா விசைப்பலகையைத் தட்டினாள். சட்டென்று அடிகளின் காதில் அறை பெரிதானது. அவருடைய வேட்டி சரசரத்தது. நாற்காலி முனகியது. தன்னுடைய மூச்சே பக்கத்தில் யாரோ விடுகிற மாதிரி கேட்டது.

"பரிசோதனைக்குத் தக்கபடி கூட்டியிருக்கேனுங்க. கொஞ்ச நாளைக்கு எரிச்சலா இருக்கும். அதுக்காகக் கழட்டிராதீங்க. தூங்கப் போற வரைக்கும் காதுலயே இருக்கட்டும்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"தண்ணி படக்கூடாதுங்க."

அடிகள் அதையும் ஒரு நிமிஷம் யோசித்தார். தண்ணீர் என்றால் தண்ணீர்தான் போலிருக்கிறது.

எழுந்தவர் எழுந்தபடி நின்றார். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டார்.

"இத்தனை குறிச்சு வச்சிருக்கே. வேலு நேத்து சொன்னது இதுல இருக்காதாம்மா?"

"இது பேச்சைச் சேர்த்து வைக்காதுங்கய்யா. அதுவும் செப்புல கிடந்த மிஷினுக்கு என்ன தெரியும்?"

ரஹிமா கதவைக் காட்டினாள்.

இந்தத் தடவை அடிகள் உட்பொருள் எதையும் தேடவில்லை. அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். கதவுக் கண்ணாடி வழியே, வெளி பெஞ்சில், துண்டை மடியில் போட்டுக்கொண்டு குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

வெளியே வந்ததும் சத்தமெல்லாம் ஒன்றாக வந்து மோதியது. மின்விசிறி. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் ஒரு அம்மாள். தெருவில் ஆட்டோ. யாருடைய செருப்போ டைல்ஸ் தரையில் தேய்கிற சத்தம். அது தன்னுடைய செருப்புதான் என்று தெரிய நாலு அடி நடக்க வேண்டியிருந்தது. கை தானாகக் காதுப் பக்கம் போனது. பாதியில் இறக்கிக்கொண்டார்.

குழந்தைவேலு எழுந்து நின்றார்.

"கிளம்பலாமுங்களா சாமி?"

அடிகள் அவரையே பார்த்தார். அது யாருடைய குரல்? வேலுவின் குரல் கணீரென்று இருக்குமே. மடத்துக்கு வந்த புதிதில் அவன் பாடினால் ஆற்றங்கரை முழுக்கக் கேட்குமே. இது கரகரத்து, நடுவில் லேசாக உடைந்து, வயசான ஒருத்தரின் குரல். இத்தனை வருஷமாக இந்தக் குரல்தான் அவருக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டு இருந்திருக்கிறது.

"வேலு."

"சொல்லுங்க சாமி."

"நேத்து நீ பேசினப்போ நான் தலையாட்டினேன் இல்லையா?"

"ஆமாங்க சாமி."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலை."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். இவன் கோபப்படுவானா, சிரிப்பானா, இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவானா?

குழந்தைவேலு கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"தெரியுமுங்க சாமி" என்றார். "அதைத்தானுங்க நேத்து கால் மணி நேரமாச் சொன்னேன்."

அடிகளின் தலை, பழக்கத்தில், மெல்ல ஆடத் தொடங்கியது.

இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்து நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"மொதல்ல இருந்து சொல்லு."