முன்கதையும் பத்துப் புள்ளிகளும்

ஒரு வீட்டு மேசையில் நான்கு நண்பர்கள் கதை விளையாட்டு ஆடினார்கள். ஆளுக்கொரு மனிதரைக் கற்பனை செய்து தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தாளின் மேல்பாதியில் அவர் பிறந்து வளர்ந்த முன்கதை. கீழ்ப்பாதியில் அவருடைய திறமைகள். அவற்றுக்குப் பங்கிடப் பத்தே பத்துப் புள்ளிகள்.

ஜெசிந்தா என்பவள் செல்லி என்ற ஓடக்காரியைப் படைத்தாள். முன்கதையை ஆசை ஆசையாக எழுதினாள். வெள்ளத்தில் ஓடம் உடைந்தபோது பதினோரு பேரை ஒவ்வொருவராக இழுத்து வந்து கரை சேர்த்தவள் செல்லி. பன்னிரண்டாவது ஆள் அவள் தங்கை. திரும்பிப் போனபோது தங்கையைக் காணவில்லை.

முன்கதை கீழே எட்டிப் பார்த்தது. "நீச்சலுக்கு மூன்று பேராவது வாருங்கள்."

"இந்த ஆட்டத்தில் சண்டைதான் அதிகம்," என்றன புள்ளிகள். "ஆறு பேர் வாளுக்குப் போகிறோம். மிச்சப் பேர் கவசத்துக்கு."

"அவள் வாளைத் தொட்டதே இல்லையே."

"அது உன் பாதியில்."

ஜெசிந்தாவும் புள்ளிகள் சொன்னபடியே எழுதினாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு பாலம் இடிந்தது. செல்லி ஆற்றில் விழுந்தாள். பன்னிரண்டு முகப் பகடை உருண்டு வந்து நின்றது.

"என்னிடம் ஏழு இருக்கிறது," என்றது அது. "கரையேறப் பத்து வேண்டும். நீச்சலில் எவ்வளவு?"

"ஒன்றுமில்லை," என்றன புள்ளிகள், தலைகுனிந்தபடி.

"பதினோரு பேர் இருக்கிறார்கள்," என்றது முன்கதை. "மேலே படித்துப் பார்."

"நான் படிப்பதில்லை. கூட்டுவேன்."

"அவளுக்குத் தெரியாத சுழி இல்லை."

"இருக்கலாம். எழுதியிருக்கிறதா?"

"எழுதித்தான் இருக்கிறது."

"எண்ணாகவா?"

செல்லி மூழ்கிப் போனாள்.

"அவளுக்கு நீந்தத் தெரியும்," என்றாள் ஜெசிந்தா, யாரையும் பார்க்காமல்.

ஆட்டத்தை நடத்திய துரைப்பாண்டி தாளை வாங்கி மடித்தான். "விதின்னா விதிதான் ஜெசி. புதுசா ஒரு தாள் எடுத்துக்கோ."

எடுத்தாள். இம்முறை திறமைகளை முதலில் நிரப்பினாள். வாளுக்கு மூன்று, கவசத்துக்கு மூன்று, நீச்சலுக்கு நான்கு. மேல்பாதியில் பென்சிலை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்றும் எழுதாமல் எடுத்துவிட்டாள்.

அந்தப் புது ஆள் எல்லா ஆட்டத்திலும் பிழைத்தான். அவன் எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று உடன் ஆடியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை.