கஞ்சி சொன்ன தீர்ப்பு

ஆற்றங்கரை முழுக்கத் துணி காய்ந்த காலம் அது. நினைத்தாலே கஞ்சி வாசனை அடிக்கும். சலவைக்கார வெயிலுகந்தான் கல்யாணச் சேலைகளை உலர்த்தியிருந்த மேட்டில், பண்ணையார் வேண்டுமென்றே தன் வாய்க்காலைத் திறந்துவிட்டார். எல்லாம் சேறு. இனி அவனை நம்பி யார் துணி போடுவார்?

வழக்கு முன்சீப்பிடம் போனது. அன்றைக்குப் பண்ணையார் கட்டிவந்த வேட்டியையும் அவன்தானே வெளுக்க வேண்டியிருந்தது!

"என் வாய்க்காலை நான் திறந்தேன். அது குத்தமா?" என்று நின்றபடியே முழங்கினார் பண்ணையார்.

"உட்கார்ந்து பேசுங்களேன்," என்றார் முன்சீப்.

"எங்கே உட்கார? வேட்டியைப் பலகையாட்டம் ஆக்கிவச்சிருக்கான் இந்தப் பய!"

வெயிலுகந்தான் கைகட்டி நின்றான். "கஞ்சி போடுறது என் தொழில் எசமான். அது குத்தமா?"

"போட்டது குத்தமில்லலே! போட்ட விதம்தான் குத்தம்!"

முன்சீப் பேனாவை எடுத்தார். "வாய்க்காலுக்கும் அதையே எழுதிக்கொள்கிறேன்."