சாமி சொன்னதைச் சொல்பவர்

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைவர் தாண்டவ அடிகளுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், முகம் அசையாது. எட்டு மாதமாகக் குரலும் உதட்டோடு நின்றுவிட்டது. எழுதிக் காட்டினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், ஒருவருக்கும் படிக்க வராது.

கேள்வியோடு வருகிறவர்களுக்குச் சீடர் பிச்சாண்டிதான் வழி. குருவைவிட நாலு வயது மூத்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாமி வாயருகே காதை வைப்பார், நிமிர்வார், கணீரென்று பதிலைச் சொல்வார். தெரியவில்லை என்று சொல்லியே பழகாத மனுஷர், என்னத்தைச் சொல்ல!

அந்த மடத்தில் எதுவானாலும் பூஜைப் பாலோடுதான் சாமி வாய்க்குப் போகும். மாத்திரையும் அப்படித்தான் போனது. புதிதாக வந்த டாக்டர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“பால்ல கொடுத்தா மருந்து எங்கய்யா ஏறும்? வெறும் வயித்துல, தண்ணியில கொடுங்க.”

மூன்றாம் நாள் சாயங்காலம் குரல் வந்தது. பழைய குரல் இல்லை, முன்வரிசைக்குக் கேட்கிற அளவு.

முன்வரிசையில் அன்னக்கொடி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

“சாமி சொன்னபடி புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனேன். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொன்னீங்க. இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கணும் சாமி?”

“போகாதேன்னுல்ல தாயி சொன்னேன்” என்றார் அடிகள்.

அன்னக்கொடி பிச்சாண்டியைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“வாத்தியாரே, நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேக்கல சாமி.”

“அன்னைக்கு மட்டுமா?”

“பாதி நாள் கேக்காது. இத்தனை பேர் முன்னாடி கேக்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சாமி என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதான்னு நினைச்சுட்டேன்.”

பிச்சாண்டி மெல்லக் கேட்டார். “சாமி என்னை ஒரு தடவையாவது தடுத்திருக்கலாமே?”

“தடுத்தேனே. வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டினேன்.”

“அப்போ நான்…”

“சாமி ஆசீர்வாதம் பண்றார்னு சொன்னீங்க. எல்லாரும் கும்பிட்டாங்க.”

பிச்சாண்டி அப்படியே சாமி காலில் விழுந்தார். இந்த வயதில் இப்படி ஒரு பாவத்தைச் செய்துவிட்டோமே என்று புலம்பினார்.

“எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க சாமி.”

அடிகள் முதலில் அன்னக்கொடியிடம் திரும்பினார். “நீ இங்கேயே தங்கு தாயி. அந்த வீட்டுக்குப் போக வேண்டாம்.”

பிறகு சீடரைப் பார்த்தார்.

“எந்திரிங்க வாத்தியாரே. மருந்து வேகம் இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கும். எட்டு மாசமா வந்துட்டுப் போனவங்க பேரைச் சொல்லுங்க. முதல்ல யாரு?”