வீட்டு ஆளைக் கூட்டிட்டு வா

"நல்லதுதானே செஞ்சேன்? அப்புறம் ஏன் அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேங்குது?"

சென்னியப்பன் உட்காராமலே கேட்டார்.

பர்வீன் உலக உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நகராட்சி நடுநிலைப் பள்ளி. வரைபடங்கள் வைக்கிற அறையைத்தான் ஆலோசனை அறை என்று ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் அழுவாச்சி ரூம். பர்வீன் அங்கே ஆலோசகர். சென்னியப்பனின் மகள் வயதுதான் இருக்கும்.

அவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக வருகிறேன் என்று தானே வந்து நின்றார். வாரம் ஒரு மத்தியானம், ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அவருக்குக் கிடைத்தவள் ஏழாம் வகுப்பு மோனிஷா. பேசாத பிள்ளை.

"ஏம்மா, கேக்கறனில்ல?"

"காது கேக்குது சார். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"நான் பத்துக் கேள்வி கேட்டா ஒண்ணுக்குத் தலையாட்டுவா. போன வாரந்தான் முதல் தடவையா வாயைத் தொறந்தா. கரண்டுக் கம்பியில மைனா உக்காருதே, அதுக்கு ஏன் ஷாக் அடிக்கறதில்லேன்னு கேட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இந்தப் புள்ளயப் பெத்தவங்களப் பாத்து ரெண்டு வார்த்தை பாராட்டிச் சொல்லணும்னு தோணுச்சு. நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வான்னேன். சிரிச்சிட்டேதான் சொன்னேன்."

"அன்னைக்கிருந்து வரல."

"வரல. அவங்கம்மா கம்பெனிப் பனியனை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து நூல் பிசிறு வெட்டறாங்களாம். இவளையும் பக்கத்துல உக்கார வச்சுட்டாங்களாம். இன்னும் கொஞ்ச நாள் போனா கை பழகிரும். அப்புறம் படிப்பாவது ஒண்ணாவது."

குரல் இறங்கியது.

"நீங்க போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்துருங்கம்மா."

பர்வீன் துணியை உதறினாள்.

"நாளைக்கு வரும்போது உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க சார்."

"யாரை?"

"உங்க வீட்டம்மாவ."

"எதுக்கு?"

"கூட்டிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சென்னியப்பன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேப்பரை எடுத்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அவர் மனைவி விசாலம் அதை வாங்கி நேராகக் கொடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துல என்னங்க?"

"ஒண்ணுமில்ல. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"என்னையா? என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாமயா வீட்டு ஆளக் கூப்பிடுவாங்க?"

நியாயமான கேள்வி.

யாராவது புகார் சொல்லியிருப்பார்களா? கேட்டைத் திறக்கவில்லை என்று வாட்ச்மேனிடம் ஒருநாள் கத்தினார். அதுவா? தலைமையாசிரியர் நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்தார். அதுவா? இத்தனை வயசுக்கு மேல் மனைவி முன்னால் நிற்க வைத்துக் கேட்பார்களா?

தோசை இறங்கவில்லை. பாதியில் கையைக் கழுவினார்.

காலையில் விசாலம் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நான் இன்னைக்குப் போகல" என்றார்.

"ஏன்?"

"முழங்கால் வலி."

"நேத்து வரைக்கும் இல்லாத வலி?"

"இனிமேலயும் போகறதா இல்ல. விடு."

போட்ட சட்டையைக் கழற்றினார். திரும்பக் கொடியில் போட்டார்.

போட்ட கை அங்கேயே நின்றது.

மோனிஷாவும் இப்படித்தானே வராமல் நின்றாள்? சட்டையை இழுத்து மாட்டினார்.

"விசாலம், கிளம்பு."

"பள்ளிக்கூடத்துக்கா?"

"இல்ல."

ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே பனியன் குவியல். மோனிஷாவின் அம்மா சுகுணா கத்தரியோடு எழுந்து நின்றாள். மோனிஷா கதவுக்குப் பின்னால் போனாள்.

"வாங்க சார். என்னங்க சார் பண்ணுச்சு இந்தப் புள்ள? உங்கம்மாவக் கூட்டிட்டு வரச் சொன்னாருன்னு மட்டும் சொன்னா. எதுக்குன்னா வாயே தொறக்க மாட்டேங்கறா. ரெண்டு அடி கூட வச்சேனுங்க. என்ன தப்புன்னாலும் சொல்லுங்க. போலீஸு கீலீஸுன்னு வேண்டாங்க."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அவ ஒரு தப்பும் பண்ணலீங்கம்மா."

"பின்னே?"

"என்னையத்தான் வீட்டு ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. கூட்டிட்டு வந்திருக்கேன்."

விசாலத்தைக் கை காட்டினார்.

சுகுணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாலத்துக்கு அதைவிடப் புரியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது.

"சாரையா?"

"என்னையத்தான்."

"சாரைத் திட்டுவாங்களா?"

"நேத்து ராத்திரியில இருந்து சோறு இறங்கல" என்றார்.

இன்னொரு கண்ணும் தெரிந்தது.

"எதுக்குக் கூப்புட்டாங்க?"

"அத நீதான் சொல்லோணும்."

விசாலம் கணவனை ஒருமுறை பார்த்தாள். என்ன புரிந்ததோ, பனியன் குவியலை ஓரமாகத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க வா கண்ணு. என்ன பண்ணுனாரு இவரு? பயப்படாமச் சொல்லு. வீட்டுக்குப் போய் நான் பாத்துக்கறேன்."

மோனிஷா அம்மாவைப் பார்த்தாள். சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மெல்ல வெளியே வந்தாள்.

"எப்பப் பாத்தாலும் கேள்வியா கேப்பாருங்க."

"ம்."

"நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். மைனாவுக்கு ஏன் ஷாக் அடிக்கறதில்லேன்னு."

"சரி."

"அதுக்குப் பதிலே சொல்லல. அம்மாவக் கூட்டிட்டு வான்னுட்டாரு."

சுகுணா கத்தரியைக் கீழே வைத்தாள்.

விசாலம் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"என்ன நிக்கறீங்க? உக்காருங்க. புள்ள கேக்குதில்ல?"