கடைசிக் குவளைத் தண்ணீர்

ஒரு விடுகதை. அதற்குக் கண் கிடையாது; ஆனாலும் தண்ணீரில் கரைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும். முகத்தைத் தேய்த்து எடுத்தால் வலிக்காது. உள்ளிருந்து புதுமுகம் வரும். அது என்ன?

விடை தெரியாவிட்டால் பாதகமில்லை. அருமைநாயகத்துக்குத் தெரியும்; தன் கையால் ஒன்று செய்து வைத்திருந்தார். கிராஃபைட் தூளையும் எண்ணெயையும் கல்வத்தில் அரைத்து, அந்தக் குழைவைச் சின்னக் குழாயில் திணித்து, பின்னால் செம்புக் கம்பி செருகினால் கரி எலக்ட்ரோடு தயார். அதைத் தண்ணீரில் முக்கி மெல்லிய மின்சாரம் கொடுத்தால், ஈயம் இருந்தால் கணினித் திரையில் கோடு மேடாக எழும்பும். இல்லையென்றால் படுத்தே கிடக்கும்.

அருமைநாயகம் பள்ளி ஆசிரியர். ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். வழிகாட்டி தில்ஷாத்துக்கு முப்பத்தைந்து. மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை சார் என்பார்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் எலக்ட்ரோடின் முகத்தைக் காகிதத்தில் தேய்த்துப் புதுப்பிப்பது அந்த ஆய்வகத்து வழக்கம். அருமைநாயகத்துக்கு மனசு வரவில்லை. அவருடையது கண்ணாடிபோல் மின்னியது. முதல் நாளே எல்லோருடையதையும்விட உயரமான மேட்டைக் காட்டியது. அந்த முகத்தையே மூடி போட்டுக் காப்பாற்றி ஒரு மாதம் ஓட்டிவிட்டார். சார் அதற்குப் பொட்டு வைப்பதுதான் பாக்கி என்று கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

அவருடைய பள்ளிக்குப் பக்கத்தில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை இருந்தது. நிலத்தடியில் ஈயம் இறங்கியிருக்குமோ என்று பள்ளிக் குழாயை மூடி நான்கு நாளாயிற்று. பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். அன்று அருமைநாயகம் அந்தக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் கோடு அசையவில்லை. ஈயம் இல்லை என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

"மேடம், ஒரு சந்தேகம். எத்தனை தடவை இல்லைன்னு வந்தா, இல்லைன்னு நம்பலாம்?"

தில்ஷாத் கையெழுத்துப் போடவில்லை. பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். ஒரு குவளை தேறும் என்றார் அருமைநாயகம். அதை ஊற்றச் சொல்லி, அலமாரியிலிருந்த ஈயக் கரைசலை எடுத்து, குவளையில் ஒரு சொட்டு விட்டார்.

"மேடம், அதுதான் கடைசித் தண்ணி."

"எழுதி முடிச்சாச்சே சார். மிச்சம் எதுக்கு?"

அருமைநாயகம் எலக்ட்ரோடை முக்கினார். கோடு படுத்தே கிடந்தது. கம்பியை அசைத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். கோடு எழும்பவில்லை. கரைசல் பழசாயிருக்கும் என்றார்.

பக்கத்து மேசையில் யாரோ முந்தின நாள் அவசரமாகச் செய்த எலக்ட்ரோடு ஒன்று கோணலாகக் கிடந்தது. தில்ஷாத் அதன் முகத்தைக் காகிதத்தில் நாலு தேய்ப்பு தேய்த்து, அதே குவளையில் முக்கினார். கோடு மேடாக எழுந்தது.

அருமைநாயகம் தில்ஷாத் பக்கம் திரும்பினார்.

"அப்போ எங்க பள்ளிக்கூடத் தண்ணியில ஈயம் இருந்துச்சா, இல்லையா மேடம்?"

"இருக்குன்னு சொல்லத் தெரியாததுகிட்ட போய், மூணு தடவை இல்லைன்னு கேட்டுட்டு வந்திருக்கீங்க சார்."

போன் அடித்தது. தலைமையாசிரியை, குழாயைத் திறக்கலாமா என்று கேட்டார். அருமைநாயகம் வேண்டாம் என்றார். அப்படியானால் ஈயம் இருக்கிறதா என்று தலைமையாசிரியை கேட்டார்.

தெரியாது என்றார் அருமைநாயகம்.