எயினி உட்கார்ந்த கதை

கடல் இன்னும் ஊருக்குள் வராத காலம் அது, கேளுங்கள். கொற்றங்கரை என்ற துறைமுகத்தில் ஓர் அரசன் இருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் அவனுடைய உப்பளம். அதில் உழைத்தவர்கள் எல்லோரும் அடிமைகள். அப்பன் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, பேரனும் அடிமை.

அவர்களில் சேந்தி என்று ஒருத்தி. உறவென்று அவளுக்கு யாரும் இல்லை. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிய எயினிதான் அவளுக்கு எல்லாம்.

ஒருநாள் உச்சிவெயிலில் எயினி உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டாள். வரப்பில் உட்கார்ந்தாள்.

"இனி அடிமையாக ஒரு கை உப்புகூட வாரமாட்டேன்" என்றாள்.

சேந்தியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் நாள் அரசனின் ஆட்கள் சவுக்கால் அடித்தார்கள். யாரும் எழவில்லை. இரண்டாம் நாள் குடிநீரை நிறுத்தினார்கள். யாரும் எழவில்லை. மூன்றாம் நாள் எயினி சேந்தியின் மடியில் சாய்ந்து இறந்துபோனாள். அப்போதும் யாரும் எழவில்லை.

கிழக்கே மேகம் கறுத்தது. மழை வந்தால் வாராத உப்பெல்லாம் கரைந்துபோகுமே என்று அரசனுக்குக் கலக்கம். "இன்று முதல் நீங்கள் அடிமைகள் இல்லை, கூலிக்கு வாருங்கள்" என்று முரசறைவித்தான். ஆளுக்கொரு குடிசையும் கொடுத்தான்.

அரசவைப் புலவர் இதைக் காவியமாகப் பாடினார். அரங்கேற்ற நாளில் உப்பளத்து மக்களையும் சபையின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். காவியத்தில் அடிமைகள் அழுதார்கள். அரசன் மனம் இரங்கினான். தளைகள் உதிர்ந்தன. அரசன் ஏறிவந்த யானைக்குக்கூட அதில் பெயர் இருந்தது. எயினியின் பெயர் எங்கும் வரவில்லை.

"இதில் குற்றம் காண்பவர் உண்டா?" என்று புலவர் வழக்கப்படி மூன்று முறை கேட்டார்.

முதல் முறை கேட்டபோது சேந்தி சுற்றிப் பார்த்தாள். உப்பளத்து மக்கள் தலை குனிந்திருந்தார்கள்.

இரண்டாம் முறை எழப்போனாள். பக்கத்திலிருந்த வடுகி என்பவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உட்காரடி. தலைக்கு மேல் இருக்கிற கூரையையும் பிடுங்கிக்கொள்வார்கள்."

மூன்றாம் முறை சேந்தி கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, உங்கள் பாட்டில் அழுகிறவள் பெயர் என்ன?"

புலவர் திகைத்தார். "பெயர் எதற்கம்மா? அடிமைகள் அழுதார்கள், அவ்வளவுதான்."

"நாங்கள் அழவில்லை ஐயா. அழுவதற்கு உடம்பில் தண்ணீர் இல்லை. உட்கார்ந்திருந்தோம். முதலில் உட்கார்ந்தவள் எயினி. அவள் செத்த பிறகுதான் அரசர் மனம் இரங்கியது."

அரசன் முகம் சிவந்தது. "இதற்குச் சாட்சி உண்டா?"

சேந்தி உப்பளத்து மக்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவளுடைய குடிசை போயிற்று. காவியத்தைப் பட்டில் சுற்றி அரண்மனைக்குள் வைத்தார்கள். சேந்தி உப்பளத்துக்கு அப்பால், தாழம்புதர் ஓரமாக ஓர் ஓலைக்குடில் போட்டுக்கொண்டு கிடந்தாள். அவளோடு பேசினால் வம்பு என்று, நெருப்பு வாங்கக்கூட யாரும் வரவில்லை. சில நாள் தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

உப்பு ஏற்ற வரும் வண்டிக்காரர்கள் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அங்கே நிற்பார்கள். அவர்களிடம் எயினியின் கதையைச் சொல்வாள். கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். வண்டிகள் போய்விடும். மறுபடி அலைச்சத்தம்தான்.

அவள் தலை நரைத்தது. ஒரு மாலை, புழுதி படிந்த கால்களோடு முன்பின் தெரியாத பெண்ணொருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"எயினி உட்கார்ந்த இடம் இதுதானா அம்மா?"

"உனக்கு யார் சொன்னது?"

"எங்கள் ஊருக்கு உப்பு கொண்டுவந்தவர்கள். நாங்கள் பண்ணை அடிமைகளாக இருந்தோம். கதையைக் கேட்டோம். நாங்களும் வயலில் உட்கார்ந்துவிட்டோம். இப்போது எங்களுக்கு ஆண்டை கிடையாது."

சேந்தி உள்ளே போய், இருந்த கஞ்சியை இரண்டாகப் பங்கிட்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆகவே, கேட்டவர்களே, விடுவித்தவனை மட்டும் பாடும் கதை அரண்மனையோடு நின்றுவிடும், விடுதலைக்காக உயிர் கொடுத்தவர் பெயரைச் சொல்லும் கதையே அடுத்தவரின் தளையை அறுக்கும்.