தாடைக்குப் பின்னால் போட்ட ஊசி

டாக்டர் தேவசகாயத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. சொந்த ஊரில் பல் ஆஸ்பத்திரி வைத்துப் பேர் வாங்கியவர், தலை நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்திருந்தார். பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியை ரஹ்மத்துன்னிசா அவரைவிட இளையவர். இவர் "மேடம்" என்பார், அவர் "சார்" என்பார்.

அன்று கல்லூரி ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. தேவசகாயத்தின் முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் லாரி ஓட்டும் சுடலைக்கண்ணு. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, கன்னம் பணியாரம்போல் வீங்கியிருந்தது.

தாடையின் பின்கோடியில் ஊசி போட்டால் மரத்துப்போக நேரமாகும். அதனால் வலிக்கிற பல்லின் ஓரத்திலேயே குத்திவிடுவது தேவசகாயத்தின் வழக்கம். அன்றும் அப்படியே குத்திவிட்டு, அடுத்த மூச்சில் கேட்டார்.

"மரத்துட்டா?"

"மரத்துட்டு சார்."

பல்லில் குறடு பட்டதும் சுடலைக்கண்ணு போட்ட அலறல் வாசல்வரை கேட்டது.

"மரத்துட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?" தேவசகாயத்துக்கு எரிச்சலாக வந்தது.

இன்னொரு ஊசி போட்டார். அதே கேள்வி, அதே பதில், அதே அலறல். சுடலைக்கண்ணு மார்பில் போட்டிருந்த துண்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தார்.

"போதும் சாமி. பல்லு இருந்தே என்னயக் கொல்லட்டும். நான் வாரேன்."

இப்படியே போனால் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிடலாம். அது தேவசகாயத்துக்குத் தெரியும். அவசரமாக மூன்றாவது ஊசியை எடுத்தார். ரஹ்மத்துன்னிசா வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போடப் போறீங்க சார்?"

"அதே இடத்துலதான். மருந்து பத்தல மேடம்."

"சீழ் இருக்கிற இடம் அமிலமாப் புளிச்சுக் கிடக்கும். அங்க ஊத்துற மருந்து நரம்புக்குள்ள நுழைய முடியாம வெளியிலயே நிக்கும். படிச்சிருக்கீங்கல்ல?"

"படிச்சிருக்கேன்."

"கூடக் கூடப் போட்டா ரத்தத்துல கலந்து மூளைக்கும் இதயத்துக்கும் போகும். அதுவும் படிச்சிருக்கீங்க."

தேவசகாயம் ஊசியைத் தட்டில் வைத்தார்.

ரஹ்மத்துன்னிசா சுடலைக்கண்ணுவிடம் போனார். "அண்ணே, ஒரே ஒரு தடவை உக்காருங்க. இனி வலிச்சா நானே உங்கள அனுப்பிடுறேன்."

அவர் அரைமனதாக உட்கார்ந்தார். வீக்கம் எட்டாத பின்தாடையில், எலும்புக்குள் நரம்பு நுழையும் இடத்தருகே ரஹ்மத்துன்னிசா ஊசியை இறக்கினார். ரத்தம் ஏறுகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தினார். பிறகு கருவிகள் இருந்த தட்டை எடுத்து அப்பால் வைத்தார்.

"அவர் பக்கத்துல உக்காருங்க சார்."

"உக்காந்து என்ன செய்ய?"

"உக்காருங்க."

"வெளியில கூட்டம் மேடம்."

"தெரியும்."

தேவசகாயம் உட்கார்ந்தார். மோதிரத்தைத் திருகினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அது ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. "மரத்..." என்று வாயெடுத்தவர், ரஹ்மத்துன்னிசா பார்த்த பார்வையில் வார்த்தையை விழுங்கினார்.

"லாரி எங்க வரைக்கும் போகும்?" என்று வேறெதையோ கேட்டுவைத்தார்.

"நாசிக் வரைக்கும் சார். வெங்காய லோடு." சுடலைக்கண்ணுவுக்கு லாரி என்றால் போதும், சுங்கச்சாவடி, மழை, கிளீனரின் குறட்டை என்று போய்க்கொண்டே இருந்தார். போகப்போகப் பேச்சு குழறியது. உதட்டோரம் தொங்கியது. வாய் கொப்பளித்த தண்ணீர் மோவாயில் வழிந்து சட்டையை நனைத்தது, அவர் துடைக்கவே இல்லை.

ரஹ்மத்துன்னிசா கூர்முனைக் கம்பி ஒன்றால் அந்தப் பல்லோர ஈறைக் குத்திப் பார்த்தார். சுடலைக்கண்ணு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதன் பிறகுதான் தட்டு திரும்பி வந்தது.

தேவசகாயம் பல்லை எடுத்தார். சீழ் வடிந்தது.

"எப்ப சார் எடுப்பீங்க?" என்று குழறினார் சுடலைக்கண்ணு.

அவர் கும்பிட்டுவிட்டுப் போன பிறகும் தேவசகாயத்துக்கு ஆறவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். வலிக்கும்னு அவருக்கே தெரியும். அப்புறம் ஏன் ரெண்டு தடவையும் மரத்துட்டுன்னு பொய் சொன்னாரு?"

ரஹ்மத்துன்னிசா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"நீங்க தவிச்சுக்கிட்டு நின்னீங்க சார். பாவம், தன்னால முடிஞ்ச உதவிய அவர் உங்களுக்குச் செஞ்சாரு."